எந்த அளவீட்டுக்கு எந்தக் கருவி: பள்ளி ஆய்வகத்துக்கான ஓர் ஒப்பீடு

ஏறத்தாழ 12.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் எஃகுக் குண்டின் அடர்த்தியைக் கண்டறியும்படி மாணவர்களிடம் சொன்னால், ஆய்வக மேசையில் இருக்கும் கருவிகளில் எதை எடுப்பது என்ற கேள்வி உடனே எழுகிறது. விட்டத்தை மீட்டர் அளவுகோலாலும் அளக்கலாம், வெர்னியர் அளவியாலும் அளக்கலாம், திருகு அளவியாலும் அளக்கலாம். விட்டத்தை அளக்காமலேயே, அளவுசாடியில் இருக்கும் நீருக்குள் குண்டைப் போட்டு நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது என்றும் பார்க்கலாம். மீச்சிற்றளவு, அதாவது கருவியால் படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, குறைந்த கருவியே எப்போதும் சிறந்தது என்ற எண்ணத்தில் பெரும்பாலோர் திருகு அளவியை எடுக்கிறார்கள். இந்தக் குண்டைப் பொறுத்தவரை அந்தத் தேர்வு சரியானதே. ஆனால் அதையே எல்லா அளவீடுகளுக்கும் விதியாக்கிக்கொண்டால், ஓரிடத்தில் வீண் உழைப்பும் வேறோரிடத்தில் எவரும் கவனிக்காத பெரும் பிழையும் வந்து சேரும். எந்தக் கருவி வேண்டும் என்பதைக் கணக்கின் இறுதி விடையிலிருந்து பின்னோக்கி வந்துதான் முடிவு செய்ய வேண்டும்: விடையில் எத்தனை விழுக்காட்டுப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தப் பிழையில் பெரும்பங்கு எந்த அளவீட்டிலிருந்து வருகிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், கருவியைத் தேர்ந்தெடுப்பது கடினமான வேலையன்று.

குண்டின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கோளத்தின் பருமன் விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், விட்டத்தில் நேரும் விழுக்காட்டுப் பிழை பருமனில் மூன்று மடங்காகிறது. அளவீட்டின் பிழை கருவியின் ஒரு மீச்சிற்றளவுக்குச் சமம் என்று எளிமையாக வைத்துக்கொண்டால், 1 மி.மீ. வரை மட்டுமே காட்டும் அளவுகோலில் விட்டத்தின் பிழை ஏறத்தாழ 8 விழுக்காடு, பருமனின் பிழை 24 விழுக்காடு. இப்படிக் கிடைக்கும் அடர்த்தியைக் கொண்டு அந்தக் குண்டு எஃகா, பித்தளையா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. 0.1 மி.மீ. மீச்சிற்றளவுள்ள வெர்னியரில் பருமனின் பிழை 2.4 விழுக்காடாகவும், 0.01 மி.மீ. மீச்சிற்றளவுள்ள திருகு அளவியில் 0.24 விழுக்காடாகவும் குறைகிறது. குண்டின் நிறை ஏறத்தாழ 8.4 கிராம், 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறையின் பிழை 0.12 விழுக்காடு மட்டுமே. ஆகவே இங்கே திருகு அளவியும் 0.01 கிராம் தராசும் ஒன்றுக்கொன்று பொருத்தமான இணை. தராசு 0.1 கிராம் வரை மட்டுமே காட்டுமானால் நிறையின் பிழையே 1.2 விழுக்காடாகிவிடும், அதன் பிறகு திருகு அளவியின் நுட்பத்தால் கிடைக்கும் பயனில் பெரும்பகுதி தராசிலேயே கரைந்துவிடும்.

அளவுசாடி இந்தப் போட்டியில் கடைசி இடத்தையே பெறுகிறது. குண்டின் பருமன் 1.07 கன செ.மீ. அளவுதான். 1 மி.லி. இடைவெளியில் கோடுகள் உள்ள 100 மி.லி. சாடியில் நீர்மட்டம் ஒரு கோட்டுக்குச் சற்று மேல் உயரும். அரைக் கோடு தவறாகப் படித்தாலே விடையில் பாதி போய்விடும். இருந்தும் பல செய்முறைக் குறிப்பேடுகளில் சிறு உலோகத் துண்டுகளுக்கு இந்த முறையே இடம்பெறுகிறது. பாய்மத்தில் மூழ்கும் பொருள் தன் பருமனுக்குச் சமமான நீரை இடம்பெயரச் செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வைப்பதே நோக்கம் என்றால் அதில் குறையில்லை. அடர்த்தியைச் சரியாகக் கண்டறிவது நோக்கமென்றால் அந்தச் சாடியை ஒதுக்கிவைப்பதே நல்லது.

மீட்டர் அளவுகோலையும் முற்றாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒரே அளவுள்ள பத்துக் குண்டுகளை ஒரு பள்ளத்தில் வரிசையாக வைத்து, இரு முனைகளிலும் மரக்கட்டைகளை அணைத்து மொத்த நீளத்தை அளந்தால் 127 மி.மீ. கிடைக்கும், 1 மி.மீ. பிழை அப்போது 0.8 விழுக்காடாகிறது. ஒற்றைக் குண்டை வெர்னியரில் அளந்தபோது கிடைத்த நுட்பமும் இதுவேதான். பல பொருள்களை ஒன்றாக அளந்து எண்ணிக்கையால் வகுக்கும் இந்த வழி கருவியின் போதாமையை ஈடுசெய்கிறது. ஆனால் குண்டுகள் எல்லாம் உண்மையிலேயே ஒரே அளவுள்ளவையாக இருக்க வேண்டும். கிடைப்பது அவற்றின் சராசரி விட்டமே தவிர, குறிப்பிட்ட ஒரு குண்டின் விட்டம் அன்று.

மெல்லிய கம்பிகளில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். மின்தடை எண்ணைக் கணக்கிடுவதற்கான சூத்திரத்தில் கம்பியின் விட்டம் இருமடியாக வருகிறது. 0.4 மி.மீ. விட்டமுள்ள கம்பியை 0.1 மி.மீ. வெர்னியரில் அளந்தால் விட்டத்தில் 25 விழுக்காடும் விடையில் 50 விழுக்காடும் பிழை வரும். திருகு அளவியில்கூட விட்டத்தின் பிழை 2.5 விழுக்காடு, விடையில் 5 விழுக்காடு. ஆகவே கம்பியின் நீளத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளப்பதற்காகச் செலவிடும் நேரத்தை, கம்பியின் பல இடங்களிலும் ஒவ்வோர் இடத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் விட்டத்தை அளந்து சராசரி காண்பதில் செலவிடுவதே அறிவுடைமை. கம்பியின் வெட்டுமுகம் எல்லா இடத்திலும் சரியான வட்டமாக இருப்பதில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். திருகு அளவி இல்லாத ஆய்வகத்தில், ஒரு பென்சிலின் மேல் கம்பியை இடைவெளியின்றி நூறு சுற்றுகள் சுற்றி, சுருளின் நீளத்தை அளவுகோலால் அளந்து நூறால் வகுக்கலாம். நீளம் 40 மி.மீ. வரும், அரை மில்லிமீட்டர் பிழை இருந்தாலும் அது 1.25 விழுக்காடுதான். கம்பியின் மேல் பூச்சு இருந்தால் பூச்சின் தடிமனும் விட்டத்தோடு சேர்ந்துவிடும், சுற்றுகளுக்கிடையே இடைவெளி விழுந்தால் விட்டம் அதிகமாகத் தோன்றும் என்ற இரண்டையும் கவனித்துக்கொண்டால், எளிய அளவுகோல் இங்கே திருகு அளவிக்கு இணையாக நிற்கிறது.

வெர்னியருக்கும் திருகு அளவிக்கும் இடையே தேர்ந்தெடுக்கும்போது மீச்சிற்றளவோடு பொருளின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். குழாயின் உள்விட்டத்தையும் ஒரு பாத்திரத்தின் ஆழத்தையும் வெர்னியரால் அளக்க முடியும். பள்ளிகளில் இருக்கும் திருகு அளவியால் முடியாது. திருகு அளவியின் வாய் பெரும்பாலும் 25 மி.மீ. வரைதான் திறக்கும். ரப்பர், காகிதக் கட்டு போன்ற மென்மையான பொருள்களில் திருகு அளவி நேரும் அழுத்தத்தால் பொருளையே நசுக்கிவிடும். பற்சக்கரத் தலைப்பைத் திருப்பாமல் உருளையையே பிடித்து முறுக்கினால் கடினமான பொருளிலும் அளவு குறைந்து காட்டும். திருகின் புரிகள் தேய்ந்திருந்தால் பின்னடைவுப் பிழையும், அதாவது திசை மாற்றும்போது திருகு நகராமல் சற்றுச் சும்மா சுழல்வதால் வரும் பிழையும், சேரும் என்பதால், அளவை எடுக்கும்போது திருகை எப்போதும் ஒரே திசையில் சுற்றிக்கொண்டு வருவதே முறை.

இரண்டு கருவிகளிலும் சுழிப் பிழையை, அதாவது வாய் மூடியிருக்கும்போது கருவி சுழியைக் காட்டாமல் வேறோர் அளவைக் காட்டுவதை, முதலில் பார்க்க வேண்டும் என்பதை எல்லாக் குறிப்பேடுகளும் சொல்கின்றன. ஆனாலும் வாயைச் சேர்த்துப் பார்க்காமலேயே 'சுழிப் பிழை இல்லை' என்று முதல் வரியில் எழுதிவிடும் பழக்கம் பல ஆய்வகங்களில் ஊறிப்போயிருக்கிறது. 0.05 மி.மீ. சுழிப் பிழையுள்ள திருகு அளவி, சுழிப் பிழையற்ற வெர்னியரைவிட மோசமான விடையைத் தரக்கூடும். எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் அந்தப் பிழை அப்படியே இருக்கும், ஏனெனில் அது முறையான பிழை. மீண்டும் மீண்டும் அளப்பதால் குறைவது ஒழுங்கற்ற பிழை மட்டுமே.

எண்ணியல் வெர்னியர் இன்னொரு தேர்வு. அதன் திரை 0.01 மி.மீ. வரை காட்டினாலும் பொதுவாக அதற்கு உறுதியளிக்கப்படும் துல்லியத்தன்மை 0.02 மி.மீ. அளவில்தான் இருக்கும், திரையில் கடைசி இலக்கம் தெரிகிறது என்பதாலேயே அந்த இலக்கம் நம்பத்தக்கது என்றாகாது. வாய் முழுமையாக மூடாத நிலையில் சுழிப் பொத்தானை யாரேனும் அழுத்திவிட்டால், அடுத்து அளப்பவருக்கு அந்தப் பிழையைக் கண்டுகொள்ள வழியே இருக்காது. கோடுகள் ஒன்றிப்பதைப் பார்த்துப் படிக்கும் கருவியில் சுழிப் பிழை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. எனவே மாணவர் கையில் கோடிட்ட வெர்னியரும், அவர்களுடைய அளவைச் சரிபார்க்க ஆசிரியரிடம் ஓர் எண்ணியல் வெர்னியரும் இருப்பதே நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. பியர் வெர்னியர் 1631-இல் வெளியிட்ட அந்த எளிய உத்தியை, அதாவது ஒன்பது பிரிவுகளின் நீளத்தைப் பத்தாகப் பகுத்தால் பத்தில் ஒரு பங்கைக் கண்ணாலேயே படிக்கலாம் என்பதை, மாணவர் ஒருமுறையாவது தம் கையால் செய்து பார்க்க வேண்டும்; திரையிலிருந்து எண்ணைப் பார்த்து எழுதுவதில் அது கிடைக்காது.

திரவங்களின் பருமன்

திரவத்தை அளப்பதற்கு முகவை, அளவுசாடி, பியூரெட், பிப்பெட் என்ற நான்கும் இருக்கின்றன. முகவையின் பக்கத்தில் உள்ள கோடுகள் தோராயமானவை. பொதுவாக 5 விழுக்காடு வரை மாறுபடலாம் என்றே தயாரிப்பாளர்கள் குறிக்கிறார்கள். நீரைக் கொதிக்க வைக்கவோ கரைசலைக் கலக்கவோ அது போதும், அளப்பதற்கு அன்று. 100 மி.லி. அளவுசாடியில், முதல்தரக் கண்ணாடிப் பொருளாக இருந்தாலும், அனுமதிக்கப்படும் மாறுபாடு 0.5 மி.லி.; 25 மி.லி. பிப்பெட்டில் அது 0.03 மி.லி.; 50 மி.லி. பியூரெட்டில் 0.05 மி.லி. இரண்டாம் தரப் பொருள்களில் இந்த மாறுபாடு ஏறத்தாழ இருமடங்கு. இந்தக் கருவிகள் பெரும்பாலும் 20°செ. வெப்பநிலைக்கு அளவு குறிக்கப்பட்டவை. அந்த வெப்பநிலை கண்ணாடியின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

பிப்பெட் ஒரே ஒரு பருமனை மட்டும் மிகச் சரியாகத் தருகிறது. பியூரெட் எந்தப் பருமனையும் ஓரளவு சரியாகத் தருகிறது. தரம்பார்த்தலில், அதாவது ஒரு கரைசலின் செறிவை அதோடு வினைபுரியும் இன்னொரு கரைசலின் அளவைக் கொண்டு காண்பதில், இரண்டும் தேவைப்படுவது இதனால்தான்: அளவு முன்கூட்டியே தெரிந்த கரைசலுக்குப் பிப்பெட், எவ்வளவு செலவாகும் என்று தெரியாத கரைசலுக்குப் பியூரெட். பியூரெட்டில் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு முறை படிப்பதால், ஒவ்வொன்றிலும் 0.05 மி.லி. பிழை என்று கொண்டால் மொத்தம் 0.1 மி.லி. ஆகலாம். 20 மி.லி. செலவாகும்படி கரைசலின் செறிவை அமைத்தால் அது 0.5 விழுக்காடு; 5 மி.லி. மட்டுமே செலவானால் 2 விழுக்காடு. ஆகவே கரைசல்களைத் தயாரிக்கும்போதே அளவீட்டின் தரம் பாதி முடிவாகிவிடுகிறது. பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது, ஏனெனில் வழக்கமான பிப்பெட்டின் அளவுக்கோடு அந்தத் துளி தங்கிவிடும் என்று கொண்டே இடப்பட்டது. வாயால் உறிஞ்சுவதற்குப் பதில் ரப்பர்க் குமிழைப் பயன்படுத்த வேண்டும் என்பது துல்லியத்தைவிடப் பாதுகாப்பைப் பற்றியது. ஆனால் அதற்கு விதிவிலக்கே கிடையாது.

குழாயில் வளைந்து நிற்கும் திரவ மேற்பரப்பான பிறைமட்டத்தைப் படிக்கும்போது கண் அந்த மட்டத்திலேயே இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒரு விடையும் கீழிருந்து பார்த்தால் வேறொரு விடையும் வருவதே இடமாறு தோற்றப்பிழை. நிறமற்ற கரைசலுக்குக் கீழ் விளிம்பையும், பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்று அடர்ந்த நிறமுள்ள கரைசலுக்கு மேல் விளிம்பையும் படிப்பது வழக்கம். தொடக்க அளவும் முடிவளவும் ஒரே விளிம்பில் படிக்கப்பட வேண்டும் என்பதே இதில் முக்கியமானது. அப்படிச் செய்தால் விளிம்பைத் தேர்ந்தெடுப்பதில் வரும் பிழை கழித்தலில் நீங்கிவிடும்.

ஒழுங்கற்ற வடிவமுள்ள ஒரு கல்லின் பருமனுக்கு அளவுசாடியைவிடச் சிறந்த வழி தராசிலேயே இருக்கிறது. மின்னணுத் தராசின் மேல் நீருள்ள முகவையை வைத்து, அளவைச் சுழியாக்கிவிட்டு, கல்லை மெல்லிய நூலில் கட்டி, அது அடியையும் பக்கங்களையும் தொடாதபடி முழுவதும் மூழ்கும் அளவுக்கு இறக்க வேண்டும். நீர் கல்லின் மேல் செலுத்தும் மேல்நோக்கு விசைக்குச் சமமான எதிர்விசை முகவையின் மேல் செயல்படுவதால், தராசு இப்போது காட்டும் எண் இடம்பெயர்ந்த நீரின் நிறைக்குச் சமம். 20 கன செ.மீ. கல்லுக்கு அது 20 கிராமுக்கு அருகில் வரும், 0.01 கிராம் பிழை என்பது 0.05 விழுக்காடு. அதே கல்லை 1 மி.லி. கோடுள்ள சாடியில் போட்டால் பிழை 5 விழுக்காடு வரை போகும். இங்கே தராசு பிழைக்குக் காரணமாவதில்லை. கல்லில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழிகளே காரணமாகின்றன, ஆகவே கல்லை முன்பே நனைத்துவிடுவது நல்லது.

இயற்பியல் தராசா, மின்னணுத் தராசா

மின்னணுத் தராசு உண்மையில் விசையை அளந்து அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டருகே 9.78 மீ/வி², துருவங்களில் 9.83 மீ/வி², ஆகவே ஓரிடத்தில் சரிசெய்யப்பட்ட தராசைத் தொலைவிலுள்ள வேறோரிடத்துக்குக் கொண்டுசென்றால் படிக்கல்லால் மீண்டும் சரிசெய்ய வேண்டும். இரு தட்டுகள் கொண்ட இயற்பியல் தராசு இரண்டு நிறைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதால் இந்த மாறுபாடு அதைப் பாதிப்பதில்லை. இதைச் சொல்லி இயற்பியல் தராசே உயர்ந்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் நாற்பது மாணவர்கள் ஒரே வகுப்பு நேரத்தில் நிறுத்தாக வேண்டிய ஆய்வகத்தில், தராசின் முள் நிலைகொள்ளும் ஓய்வுப் புள்ளியைக் காண்பதற்கே நேரம் முழுவதும் கரைந்துவிடும். நிறையை ஒப்பிடுதல் என்ற கருத்தைக் கற்பிக்க இயற்பியல் தராசு ஒன்றை வைத்துக்கொண்டு, பிற செய்முறைகளுக்கெல்லாம் மின்னணுத் தராசைப் பயன்படுத்துவதே பொருத்தம். மட்டக் குமிழி நடுவில் இருக்கிறதா, மின்விசிறியின் காற்று தட்டில் படுகிறதா, நிறுக்கும் பொருள் இன்னும் சூடாக இருக்கிறதா என்பவற்றைக் கவனித்தால் 0.01 கிராம் தராசு பள்ளித் தேவைக்கு மிகையே. சூடான புடக்குகையை (பொருளைச் சூடாக்கும் சிறு கிண்ணம்) அப்படியே வைத்து நிறுத்தால், அதைச் சுற்றி மேலெழும் காற்றால் நிறை குறைவாகக் காட்டும்.

காலத்தை அளப்பதில் முடிவு எளிது. 1 மீட்டர் நீளமுள்ள தனி ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 விநாடி. நிறுத்துக்கடிகாரம் 0.01 விநாடி வரை காட்டினாலும், அதை அழுத்தும் விரல் ஏறத்தாழ 0.2 விநாடி தாமதிக்கிறது. ஓர் அலைவை மட்டும் அளந்தால் 10 விழுக்காடும், அலைவு நேரம் இருமடியாக வருவதால் ஈர்ப்பு முடுக்கத்தில் 20 விழுக்காடும் பிழை. இருபது அலைவுகளை அளந்தால் ஈர்ப்பு முடுக்கத்தின் பிழை 1 விழுக்காடாகக் குறைகிறது. எனவே விலையுயர்ந்த கடிகாரத்தை வாங்குவதைவிட அதிக அலைவுகளை எண்ணுவதே சரியான தேர்வு. குண்டு வேகமாகக் கடக்கும் நடுநிலையில் எண்ணத் தொடங்க வேண்டும். முதல் கடப்பைச் சுழி என்று எண்ண வேண்டும், ஏனெனில் இருபதில் ஒன்று தவறினாலே 5 விழுக்காடு போய்விடும். வீச்சு 20 பாகையாக இருந்தால் அலைவு நேரம் 0.8 விழுக்காடு அளவுக்குக் கூடிவிடும். 10 பாகைக்குள் வைத்தால் அந்தக் கூடுதல் 0.2 விழுக்காட்டுக்குள் அடங்கும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஊசல் குண்டின் ஆரத்தைத் திருகு அளவியால் அளப்பதில் பொருளில்லை. நூலின் நீளத்திலேயே ஒரு மில்லிமீட்டர் ஐயம் இருக்கிறது.

வெப்பச் செய்முறைகளில் நிலைமை நேர்மாறு: அங்கே கருவியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தன்வெப்ப ஏற்புத்திறனைக் காணும் சோதனையில் வெப்பநிலை 5°செ. மட்டுமே உயருமானால், 1°செ. கோடுள்ள வெப்பநிலைமானி 20 விழுக்காட்டுப் பிழையைத் தருகிறது. அப்போது நீரை 0.1 கிராம் வரை நிறுப்பதால் எந்தப் பயனும் இல்லை. 0.1°செ. வரை படிக்கக்கூடிய மானியைத் தேர்ந்தெடுப்பதே இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை. பாதரச மானியை நாட வேண்டியதில்லை: 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு அது பள்ளிகளிலிருந்து விலகி வருகிறது, உடைந்தால் ஆவி நஞ்சு. சாராய மானியில் திரவப் பத்தி அறுந்து நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மின்னணு மானி 0.1°செ. வரை காட்டினாலும் அதன் துல்லியத்தன்மை 0.5°செ. அல்லது 1°செ. ஆக இருக்கக்கூடும், ஆயினும் தேவைப்படுவது இரண்டு வெப்பநிலைகளின் வேறுபாடாக இருக்கும்போது, இரண்டையும் ஒரே மானியால் அளந்தால் அந்தப் பொதுப் பிழையில் பெரும்பகுதி கழிந்துவிடும். உருகும் பனிக்கட்டியில் வைத்து 0°செ. காட்டுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. கொதிநீரை நம்பிச் சோதிப்பவர்கள் காற்றழுத்தத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்தில் நீர் 97°செ. அருகிலேயே கொதித்துவிடும்.

கருவிகளைத் தேர்ந்த பிறகு அவற்றைச் சரிபார்ப்பதற்கு வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. 25 மி.லி. பிப்பெட் சரியாக இருக்கிறதா என்று அறிய, 25°செ. வெப்பநிலையில் உள்ள வாலைவடிநீரை அதிலிருந்து மூடியுள்ள சிறு குடுவைக்குள் விட்டு நிறுத்தால் 24.90 கிராமுக்கு மிக அருகில் வர வேண்டும். அந்த வெப்பநிலையில் நீரின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.997 கிராம், எஞ்சிய சிறு குறைவுக்குக் காற்றின் மிதப்பு விசை காரணம். 0.01 கிராம் தராசு இருக்கும் ஆய்வகத்தில், பியூரெட்டையும் அளவுசாடியையும் இதே முறையில் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் சோதித்து, கண்ட வேறுபாட்டை ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் மேலேயே ஒட்டிவிடலாம்.